ஐந்து வெள்ளியும் ஐந்து வெள்ளியும்: நீரிணை கடக்கும் பயணச்சீட்டின் வரலாறு

ஜோகூர் பாரு சென்ட்ரல் நிலையத்திலிருந்து உட்லண்ட்சுக்கு வரும் ஷட்டில் தெப்ராவ் ரயிலில் ஒருவழிச் சீட்டின் விலை ஐந்து ரிங்கிட். உட்லண்ட்சிலிருந்து ஜோகூர் பாருவுக்குத் திரும்பும்போது அதே ரயிலில் விலை ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. பெட்டியும் மாறவில்லை, தண்டவாளமும் மாறவில்லை. இரு திசையிலும் ஓடும் நேரம் ஐந்து நிமிடமே. ஆயினும் காலையில் வேலைக்கு வர ஒருவர் கொடுத்த தொகையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக, மாலையில் வீடு திரும்ப அவரே கொடுக்கிறார். வேடிக்கை என்னவெனில், நம் பேச்சுத் தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது. இக்கரைத் தமிழர் டாலரை வெள்ளி என்பர். அக்கரைத் தமிழர் ரிங்கிட்டையும் வெள்ளி என்பர். வர ஐந்து வெள்ளி, போக ஐந்து வெள்ளி. கேட்பவர்க்குக் கணக்கு நேராகவே தோன்றும்.

இந்தக் கணக்கைக் குறையாகச் சொல்ல நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணுள் புதைந்த பழம்பானை ஓட்டைப்போல, ஒரு காலத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஐந்து என்னும் எண்ணுக்குள் கிடக்கிறது என்பதாலேயே இதனை முதலில் வைத்தோம். நெடுந்தொலைவிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வருவோர் ஒரு பயணத்திற்கு எத்தனை முறை கட்டணம் செலுத்துகின்றனர், அந்தத் தொகை யார் யாருக்குப் போகிறது என்பதே இவ்வுரையின் பொருள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, வழியில் எத்தனை இடங்களில் ஒரு நிறுவனத்தின் கையிலிருந்து மற்றொன்றின் கைக்குப் பயணி மாறுகிறார் என்பதே அவருடைய செலவை மிகுதியும் தீர்மானித்து வந்துள்ளது. அத்தகைய இடங்களை நாம் மூட்டுகள் என்று குறிப்போம். உடம்பில் வலி தங்குவதும் பெரும்பாலும் மூட்டுகளில்தான்.

கடற்பாலம் கட்டப்படுவதற்கு முன், சிங்கப்பூரிலிருந்து தீபகற்பத்திற்குச் செல்லும் வழி இரண்டு மூட்டுகளைக் கொண்டிருந்தது. 1903-இல் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயில் பாதை அமைந்தது. அங்கே இறங்கிப் படகேறி நீரிணையைக் கடக்க வேண்டும். ஜோகூர் வழியாகச் செல்லும் ரயில் பாதை 1909-இல் நிறைவுற்ற பின், அக்கரையில் மீண்டும் ரயிலேறி வடக்கே போகலாம். சிங்கப்பூர் ரயில் பாதை 1918-இல் கூட்டு மலாய் மாநில ரயில்வேயின் கைக்கு வந்தது. ஜோகூர்ப் பகுதியை அந்நிறுவனம் அதற்கு முன்பே குத்தகைக்கு எடுத்திருந்தது. எனவே 1923 அக்டோபரில் பயணிகள் ரயில் முதன்முதலாகக் கடற்பாலத்தின்மேல் ஓடியபோது, பாலம் ஒன்று மட்டுமன்று, அதன் இரு கரையிலும் தண்டவாளத்தை நடத்திய நிருவாகமும் ஒன்றாக இருந்தது. 1924 ஜூன் 28-இல் நிகழ்ந்த திறப்பு விழா பெரும் ஆரவாரத்தோடு நடந்தது. சீட்டு ஒன்றாயிற்று என்பதை அன்று யாரும் விழாவாகக் கொண்டாடியிருக்க மாட்டார்கள். பயணிக்கோ அதுவே பெரிய செய்தி.

அக்காலத்து ரயில் சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது தகும். கட்டை விரலளவு அகலமுள்ள தடித்த அட்டை அது. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, விலை ஆகியவை முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். வரிசை எண் ஒன்றும் இருக்கும். விற்கும்போது எழுத்தர் அதை ஓர் இரும்புப் பொறியில் செருகுவார், தேதி பதியும். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அலுவலர் 1830-களில் வகுத்த முறை இது. உலகின் பல மூலைகளுக்கும் பரவி நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. வரிசை எண்ணின் நோக்கம் பயணியின் நலன் அன்று. எத்தனை சீட்டு விற்றது, எவ்வளவு பணம் பெட்டியில் இருக்க வேண்டும் என்று தலைமையகம் எழுத்தரைக் கணக்குக் கேட்பதற்காக அமைந்தது அது. மலாயாவில் அந்த எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்திருந்தோரில் யாழ்ப்பாணத் தமிழர் பலர். தண்டவாளத்தில் கல் கொட்டியோரில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர். சாளரத்தின் உட்புறம் எண்ணைச் சரிபார்த்தவரும், வெளிப்புறம் மூன்றாம் வகுப்புக்குக் காசை எண்ணிக் கொடுத்தவரும் ஒரே மொழி பேசினர். எனினும் அவர்கள் வாழ்ந்த உலகங்கள் வேறு. நம் சமூக வரலாற்றை எழுதுவோர் அந்தச் சாளரத்தை இன்னும் சற்று உற்றுப் பார்க்கலாம் என்பது நம் எண்ணம்.

வரிசை எண்ணால் மற்றொரு பயனும் விளைந்தது. ஒரு பயணம் இரண்டு மூன்று நிறுவனங்களின் பாதைகளில் நிகழுமாயின், எந்தச் சீட்டு எங்கே விற்றது என்று தெரிந்தால் வருவாயைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். 1842-இல் இலண்டனில் ரயில் நிறுவனங்கள் கூடி இதற்கென்றே ஒரு பொதுக் கணக்ககத்தை நிறுவின. பயணி ஒரே சீட்டை வாங்கிப் பல நிறுவனங்களின் தண்டவாளங்களில் செல்வார். கணக்ககம் பின்னர் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் உரிய பங்கைத் தீர்த்துக் கொடுக்கும். மூட்டு அப்படியே இருந்தது. அதன் வலியைப் பயணி சுமக்காமல் கணக்கர்கள் சுமந்தனர். இனி நாம் காணப்போகும் காந்த அட்டை, தொடு அட்டை, கைப்பேசி எல்லாவற்றையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

ஐந்து வெள்ளிக்குத் திரும்புவோம். மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் 1967 ஜூன் 12-இல் தத்தம் நாணயத்தை வெளியிட்டபோது, அவை ஒன்றுக்கொன்று நேர்மதிப்பில் செல்லுபடியாகும் என ஒப்புக்கொண்டன. கோலாலம்பூர் நோட்டைச் சிங்கப்பூர்க் கடையில் கொடுக்கலாம். கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். 1973 மே மாதம் மலேசியா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. புருணையோடு சிங்கப்பூருக்கு உள்ள ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. அதன்பின் இரு வெள்ளிகளும் தத்தம் வழியே சென்றன. இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்தது. ஆனால் தீபகற்ப ரயில்வேயின் கட்டணத்தில் எண் மட்டும் பிரியவில்லை. ஜோகூர் பாருவில் எத்தனை ரிங்கிட்டோ, சிங்கப்பூரில் அத்தனை டாலர் என்னும் முறையே நீடித்தது. இதற்கு வணிகக் காரணம் கூறலாம்: சிங்கப்பூரில் வாங்குவோர் கொடுக்க வல்லவர் என்பது. நேர்மதிப்புக் காலத்தின் பழக்கமும் அதில் படிந்திருக்கிறது என்பதே நம் கருத்து. விவரம் அறிந்தோர் இதற்கு எளிய மாற்று வழி கண்டனர்: கோலாலம்பூர் செல்ல வேண்டியவர் தஞ்சோங் பகாரில் ரயிலேறாமல், பேருந்தில் ஜோகூர் பாரு சென்று அங்கே ஏறினார். ஒரு மூட்டைத் தாமாகவே கூட்டிக்கொண்டு பணத்தை மிச்சப்படுத்திய விந்தை அது.

1932-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவோடு மூடப்பட்டது. ரயில் உட்லண்ட்சோடு நின்றது. 2015 ஜூலையில் ஷட்டில் தெப்ராவ் தொடங்கியபோது, நெடுந்தூர ரயிலின் பழைய கட்டண வழக்கம் ஐந்து நிமிடப் பயணத்துக்கும் வந்து சேர்ந்தது. எப்போதோ ஒருமுறை ஊருக்குப் போகிறவர்க்கு அது பெரிதன்று. நாள்தோறும் வருவோர்க்கோ அது மாதச் செலவில் ஒரு தனி வரி. அதையும் கொடுக்கலாம், இருக்கை கிடைத்தால். வேலை நேரத்து இருக்கைகள் இணையத்தில் திறந்தவுடனே தீர்ந்துவிடுகின்றன.

ஆகவே பெரும்பாலோர் பேருந்தையே நம்புகின்றனர். பேருந்தின் கதை வேறு வகையானது. 1971-க்கு முன் சிங்கப்பூரின் நகர்ப்பகுதி, சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. புறநகரும் கிராமமும் சீன முதலாளிகளின் பதினொரு நிறுவனங்களுக்கு. புக்கிட் தீமா, உட்லண்ட்ஸ் சாலையில் ஓடியது கிரீன் பஸ். புறநகரில் வீடும் துறைமுகத்தில் வேலையும் உடையவர், நகரின் விளிம்பில் இறங்கி மற்றொரு நிறுவனத்தின் வண்டியில் ஏறி மறுபடியும் கட்டணம் கொடுத்தார். நடத்துநர் கையில் வண்ண வண்ணச் சீட்டுக்கட்டுகள். எந்தப் படிநிலை வரை பயணம் என்பதற்கு ஏற்ப ஓட்டை போடும் கவ்வி. அந்தக் கவ்வியின் ‘டிக் டிக்’ ஓசை மூத்தோர் பலரின் காதில் இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் சீட்டும் அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். இடையில் கணக்ககம் என ஒன்று இல்லை. ஹாக்கின்ஸ் குழு 1956-லேயே நிறுவனங்களை ஒன்றாக்குமாறு பரிந்துரைத்தது. 1955 ஹாக் லீ பேருந்து வேலைநிறுத்தத்தின் சூடு ஆறாத காலம் அது. 1970-இல் வில்சன் அறிக்கை வந்தது. 1971-இல் நிறுவனங்கள் சேர்ந்தன. 1973-இல் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் உருவாயிற்று.

நிறுவனம் ஒன்றான பின்னும் பயணி இருமுறை கட்டியது நிற்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கட்டணம் ஏறுதலுக்கு உரியதாக இருந்தது. பயணத்துக்கு உரியதாக இல்லை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் தொடக்கக் கட்டணம் உண்டு. நேரடிப் பேருந்து உள்ள பேட்டையில் குடியிருப்பவர் ஒருமுறை கட்டினார். புதிய நகரில் குடியமர்த்தப்பட்டு, இடைவழிப் பேருந்தில் நிலையம் வந்து வண்டி மாறியவர் இருமுறை கட்டினார். தூரத்தைத் தாமே தேர்ந்தவர் எத்தனை பேர்?

1987 நவம்பர் 7-இல் பெருவிரைவு ரயில் ஈசூன் பக்கமிருந்து நகரை நோக்கி ஐந்தே நிலையங்களோடு, இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை, ஓடத் தொடங்கியது. பேருந்துக்கும் ரயிலுக்கும் பொதுவான கணக்கு வேண்டும் என்ற தேவை அப்போதுதான் அதிகாரம் பெற்றது. டிரான்சிட்லிங்க் 1989-இல் அமைந்தது. 1990-இல் காந்த அட்டை வந்தது. அட்டையைப் பேருந்துப் பொறியில் செருகி, தாம் செல்லவிருக்கும் தூரத்துக்கான கட்டணப் பொத்தானைப் பயணியே அழுத்த வேண்டும். நடத்துநர் அதற்குள் மறைந்துவிட்டார். அவர் இடத்தில் பயணியின் மனச்சான்றும், அவ்வப்போது ஏறும் பரிசோதகரும் இருந்தனர். வண்டி மாறியவர்க்குச் சில காசு தள்ளுபடியும் கிடைத்தது. 2002-இல் ஈஸிலிங்க் தொடு அட்டை அறிமுகமானது. ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். இறங்கும்போது தொட மறந்தவரிடம் முழு வழிக்கும் கட்டணம் பிடிக்கப்பட்டது. யார், எங்கே ஏறி, எங்கே இறங்கினார் என்பதைப் பொறி இப்போது துல்லியமாக அறியும். பயணத்தை முழுதாக அளக்கும் ஆற்றல் அன்றே கைவந்தது. ஆயினும் முழுப் பயணத்துக்கும் ஒரே கட்டணம் என்ற முறை நடைமுறைக்கு வந்தது 2010 ஜூலையில். அட்டைக்கும் முறைக்கும் இடையே எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டும் குறைவாக இருந்தது கருவி அன்று. வருவாயைப் பங்கிடும் புதிய உடன்பாடு.

2010-இன் முறை தூரத்தைக் கருணையோடு நடத்தியது என்றே சொல்ல வேண்டும். 3.2 கிலோமீட்டர் வரை தொடக்கக் கட்டணம், பின் சிறுசிறு படிகள், 40.2 கிலோமீட்டரைக் கடந்தால் கட்டணம் மேலும் ஏறாது. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, அட்டை பயன்படுத்தும் பெரியவர்க்கு முதல் படி 1 வெள்ளி 19 காசாகவும், கடைசிப் படி 2 வெள்ளி 47 காசாகவும் இருந்தன. தூரம் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏற, கட்டணம் இரு மடங்கைச் சற்றே கடந்தது. உரிய நேரத்துக்குள் வண்டி மாறினால் தொடக்கக் கட்டணம் மீண்டும் இல்லை. மாறிச் செல்வோர் பலருக்குச் செலவு குறைந்தது. நேரடிப் பேருந்தில் பழகியோர் சிலருக்குக் கூடியது. அவர்கள் முணுமுணுத்ததும் உண்டு. அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதுவரை அவர்களின் மலிவான பயணத்துக்கு ஒரு பகுதி விலை கொடுத்தோர், இரு வண்டி மாறி வந்த தொலைப்பேட்டை மக்கள் அல்லரோ?

2013-இல் வந்த மற்றொரு சலுகையும் நினைவுக்கு வருகிறது. நகரின் நடுப்பகுதி நிலையங்களில் காலை 7.45-க்குமுன் வெளியேறுவோர்க்கு ரயில் பயணம் இலவசம். நெரிசலைக் குறைக்கச் செய்த அந்த ஏற்பாடு 2017 வரை நீடித்தது. தொலைவில் இருப்போர் எப்படியும் இருட்டில் எழுபவர். அவர்கள் தூக்கத்துக்கு முதன்முறையாக ஒரு விலை கிடைத்தது எனலாம்.

இதே காலத்தில் கோலாலம்பூரில் நிகழ்ந்ததை ஒப்பிட்டால் நம் கருத்து தெளிவாகும். 1996-இல் ஸ்டார், 1998-இல் புத்ரா என இரு இலகு ரயில் பாதைகள், இரு தனியார் நிறுவனங்களின் கையில் தொடங்கின. இரண்டும் மஸ்ஜித் ஜாமெக்கில் சந்தித்தன. சந்தித்தன என்பது வரைபடத்தில்தான். ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பியவர் வாயிலைக் கடந்து வெளியேறி, மறுபடியும் சீட்டு வாங்கி உள்ளே சென்றார். டச் என் கோ அட்டை 1997-லேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரே அட்டையை இரு வாயிலிலும் தொடலாம். தொடக்கக் கட்டணம் மட்டும் இருமுறை கழிந்தது. இரு பாதைகளும் 2002-இல் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்தன. வாயில்களை இணைத்து ஒரே சீட்டில் மாற வழிசெய்தது 2011-இல். சிங்கப்பூரிலோ 2003-இல் வடகிழக்குப் பாதையை வேறு நிறுவனம் நடத்தத் தொடங்கியபோதும், வெளியேறாமலே ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடிந்தது. தாம் இப்போது எந்த நிறுவனத்தின் ரயிலில் நிற்கிறோம் என்பது பயணியர் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பின்னாளில் கோலாலம்பூர் மற்றொரு துணிவான வழியில் சென்றது: மலேசியர்க்கு முப்பது நாளைக்கு ஐம்பது ரிங்கிட், இலகு ரயில், பெருவிரைவு ரயில், மோனோரயில், ரேப்பிட் கேஎல் பேருந்து எல்லாவற்றிலும் எல்லையில்லாப் பயணம். நெடுந்தொலைவினர்க்கு இதைவிட எளிய கணக்கு இல்லை. ஆயினும் அந்த அட்டை அறிமுகமானபோது கேடிஎம் கொமுட்டர் அதற்குள் இல்லை. கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் கொமுட்டரில் வருவோர், மிகத் தொலைவிலிருந்து வருவோர், தனிச் சீட்டே வாங்கினர். காரணம் பழையதுதான்: நிறுவனம் வேறு, கணக்கு வேறு.

சீட்டு பயணியிடம் ஒன்றைச் சொல்லவும் வேண்டும். அட்டைச் சீட்டு விலையைச் சொன்னது; நடத்துநரின் ஓட்டை தூரத்தைச் சொன்னது; தொடு அட்டையைப் படித்த பொறி, கழித்த தொகையையும் எஞ்சிய தொகையையும் காட்டியது. 2024 ஜனவரி 9-இல் சிங்கப்பூரின் நிலவழிப் போக்குவரத்து ஆணையம், பழைய அட்டை முறையை அவ்வாண்டு ஜூன் முதல் நிறுத்தி, எல்லாரையும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. புதிய முறையில் கணக்கு வெகு தொலைவில் உள்ள கணினியில் நிகழும். வாயிலில் எண் தோன்றாது. தொகையைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். மக்கள் கேட்டதெல்லாம் அந்த எண்ணைத்தான். பதின்மூன்றே நாளில், ஜனவரி 22 அன்று, முடிவு மாற்றப்பட்டது. பழைய முறையையும் நீட்டிக்க 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. சில காசுக் கட்டணம், அதற்கு இவ்வளவு ஆரவாரமா என வியந்தோர் உண்டு. எட்மண்ட்சன் காலத்தில் வரிசை எண் நிறுவனத்தின் ஐயத்தைத் தீர்த்தது. இங்கே பயணி தம் ஐயத்தைத் தீர்க்க ஓர் எண்ணைக் கேட்டார். மாதக் கடைசியில் அட்டையில் எவ்வளவு எஞ்சுகிறது என்று பார்த்து நடப்பவர்க்கு அந்த எண் அலங்காரம் அன்று.

கடற்பாலத்தில் இப்போது நிற்போம். குவீன் ஸ்திரீட்டிலிருந்து லார்க்கினுக்குச் செல்லும் 170-ஆம் எண் பேருந்தில் ஏறியவர், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூட்டை முடிச்சோடு இறங்குகிறார். குடிநுழைவு முடித்து, அதே எண்ணுடைய அடுத்த பேருந்தில் ஏறுகிறார். பாலம் கடந்ததும் மீண்டும் இறங்கி, மீண்டும் குடிநுழைவு. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர் அந்தத் துண்டுத்தாளைக் கடைசிவரை காக்க வேண்டும். தாம் ஏறிய நிறுவனத்தின் வண்டியே வரும்வரை, வேறு நிறுவனத்தின் வண்டி காலியாக நின்றாலும், அந்தத் தாளைக் காட்டி அதில் ஏற இயலாது. அக்கரையில் இறங்கியபின் உள்ளூர்ப் பேருந்துக்கு வேறு கட்டணம், வேறு நாணயம், பெரும்பாலும் வேறு அட்டை. சட்டைப்பையில் ஈஸிலிங்க், டச் என் கோ, காஸ்வே லிங்க் பேருந்தின் மஞ்சாலிங்க், இவற்றோடு கடப்பிதழ். தீவுக்குள் நாற்பது கிலோமீட்டருக்கு ஒரே கணக்கு வாங்கிக் கொடுத்த உடன்பாடு, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின் முன் நின்றுவிடுகிறது. இவ்வழியே நாள்தோறும் கடப்போர் தொகை இலட்சங்களில். அவர்களில் பலர் அக்கரையில் குடியிருப்பதன் காரணம் இக்கரை வாடகை. அந்த வாடகை வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மூட்டுகள் திரும்ப வாங்கிக்கொள்கின்றன என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே கணக்கிட்டு வைத்திருக்கிறது.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் பாதை 2026 இறுதிக்குள் சேவையைத் தொடங்கும் இலக்கோடு கட்டப்பட்டு வருகிறது. நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம். ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் ஆற்றல். புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். எனவே உடல் இறங்கி ஏறும் மூட்டு ஒன்று மறையும். உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்குபவர் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஏறும்போது கட்டணம் தொடர்ந்து கணக்கிடப்படுமா, மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குமா என்பதே தொலைப்பயணியர் கேட்க வேண்டிய கேள்வி. இரு நிறுவனங்களும் இரு நாணயங்களும் ஒரு கணக்ககத்தில் அமர்ந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். இரு அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஆர்டிஎஸ் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும். நேர்மதிப்புக் காலத்தின் அந்த ஐந்து வெள்ளிச் சீட்டு ஒன்றை, இரு திசைக்கும் ஒவ்வொன்றாக, வாங்கி வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது.